அறுபத்து மூன்று கட்டங்களும் ஒரு கணினியும்

அக்கா மகன் திருமுல்லைவாயிலில் இருக்கிறான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. போன மார்கழியில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை அனுப்பி, "மாமா, ஒரு தடவை பாத்துடுங்க, நாளைக்கு ஆர்டர் போடணும்" என்றான். பாகங்கள் ஒன்பது: ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர், யுபிஎஸ். கடைகள் ஏழு: அமேசான், ஃபிளிப்கார்ட், கொல்கத்தாவின் எம்டி கம்ப்யூட்டர்ஸ், வேதாந்த், மும்பையின் பிரைம் ஏபிஜிபி, சென்னையின் தி ஐடி டிப்போ, ஏழாவதாக ரிச்சி தெருக் கடை ஒன்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன். ஒன்பதை ஏழால் பெருக்கினால் 63 கட்டங்கள். ஒவ்வொரு வரிசையிலும் குறைந்த விலைக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தான். பச்சைக் கட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் ரிச்சி தெருக் கொட்டேஷனைவிட 5,150 ரூபாய் குறைவு. ஆனால் பொருள்கள் ஐந்து கடைகளிலிருந்து வர வேண்டும்.

இந்த 5,150 ரூபாய் உண்மையா என்பதுதான் கேள்வி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கணினி சேர்க்கிற யாரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். விடை தேடப் போனால் அது ஒரு மாணவனின் அட்டவணையோடு நிற்காமல், சுங்க வரி, ஜிஎஸ்டி, அந்நிய முதலீட்டு விதி, பொருளாதார ஆய்வு என்று நீள்கிறது.

முதலில் கடைகளின் முகவரியைப் பார்க்க வேண்டும். இணையக் கடை என்றதும் எங்கோ மேகத்தில் இருப்பதாக நினைக்கிறோம். கணினிப் பாகங்கள் விற்கும் இந்திய இணையக் கடைகளில் பல, பழைய மின்னணுச் சந்தைகளுக்கு முளைத்த இன்னொரு வாசல். மும்பையில் லாமிங்டன் ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ், கொல்கத்தாவில் சாந்தினி, பெங்களூரில் எஸ்பி ரோடு, நமக்கு ரிச்சி தெரு. பிரைம் ஏபிஜிபி லாமிங்டன் ரோட்டுக் கடை. எஸ்எம்சி இன்டர்நேஷனல் நேரு பிளேஸில் வளர்ந்தது. ஆக, பையன் ஏழு கடைகளை ஒப்பிட்டதாக நினைத்தாலும், அவற்றில் பாதி, ரிச்சி தெருவை அதன் பங்காளித் தெருக்களோடு ஒப்பிட்டதுதான்.

ரிச்சி தெரு என்பதும் ஒரு தெரு அல்ல. அண்ணா சாலைக்குப் பின்னால், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்த ஒரு வலை. ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரிகளில் தொடங்கி, டிவி, விசிஆர், பிறகு கணினி, இப்போது கண்காணிப்புக் கேமரா என்று சரக்கு மாறிக்கொண்டே வந்தது. பேரம் மட்டும் மாறவில்லை. காலையில் மொத்த வியாபாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ரேட் லிஸ்ட்தான் அன்றைய பஞ்சாங்கம். "இன்னைக்கு ரேட்டு இது சார், நாளைக்கு நான் கேரண்டி இல்ல" என்று கடைக்காரர் சொன்னால், பல சமயம் அது வியாபாரத் தந்திரமே இல்லை, உண்மை.

அம்பத்தூரிலிருந்து அங்கே போய்வர அரை நாள் ஆகும். லோக்கல் ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நடையோ ஆட்டோவோ. டிக்கெட் செலவு ஒரு டீக் காசு. போவது நேரம்தான். தொழிற்பேட்டையில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்ப்பவருக்குக் கிடைப்பது ஞாயிறு. அன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். இணையத்தில் விலை பார்ப்பது இங்கே பரவியதற்கு, விலை குறைவு என்பதைவிட இந்த ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

தேடுவதற்கும் செலவு உண்டு என்பதை 1961-இல் ஒரு கட்டுரையாக எழுதியவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர். பின்னாளில், 1982-இல், நோபல் பரிசு பெற்றவர். ஒரே செவ்ரலே காரை சிகாகோவின் வெவ்வேறு வியாபாரிகள் வெவ்வேறு விலைக்கு விற்றதை அவர் எடுத்துக் காட்டினார். ஒரே பொருளுக்குப் பல விலை இருப்பது யாருடைய முட்டாள்தனமும் அல்ல. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க ஆகும் செலவைவிட மிச்சமாவது குறைவு என்றால் வாங்குபவன் தேடுவதை நிறுத்திவிடுவான், அந்த இடைவெளியில்தான் விலை வேறுபாடு உயிர் வாழ்கிறது என்றார். இணையம் வந்து தேடும் செலவு ஏறக்குறைய பூஜ்யம் ஆனதும், இனி ஒரு பொருளுக்கு ஒரே விலைதான் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்ற கதையில் நம் ஊர்க்காரர்களும் வருகிறார்கள். 1995-இல் ஆண்டர்சன் கன்சல்டிங் என்ற நிறுவனம் 'பார்கெயின் ஃபைண்டர்' என்றொரு நிரலை வெளியிட்டது. இசைத்தட்டுகளின் விலையைப் பல இணையக் கடைகளில் தேடி அருகருகே வைக்கும். கடைகள் சில அதை உள்ளே வரவிடாமல் கதவைச் சாத்தின. விலையை மட்டும் வைத்துத் தங்களை அளப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 'ஜங்லி' என்ற நிறுவனம் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஆனந்த் ராஜாராமனும் வெங்கி ஹரிநாராயணும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். பல இணையதளங்களில் சிதறிக் கிடக்கும் தகவலை ஒரே தரவுத்தளம்போல் காட்டும் தொழில்நுட்பம் அவர்களுடையது. விலை ஒப்பீடு அதன் முக்கியப் பயன். 1998-இல் அமேசான் ஜங்லியை வாங்கிக்கொண்டது. அதே பெயரை 2012 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, தான் இங்கே நேரடியாகக் கடை திறக்கும் முன், ஒரு விலை ஒப்பீட்டுத் தளமாகத்தான் அமேசான் அறிமுகமானது. அமேசான் இந்தியா திறந்தது 2013 ஜூனில்.

ஆனால் நம் கேள்விக்கு நேரே வந்து நிற்கும் ஆய்வு வேறொன்று. கணினிப் பாகங்களின் விலையை வரிசைப்படுத்திக் காட்டும் 'பிரைஸ்வாட்ச்' என்ற தளம் அமெரிக்காவில் இருந்தது. அதில் ரேம் விற்ற சிறு கடைகளின் விலையை கிளென் எலிசன், சாரா ஃபிஷர் எலிசன் என்ற பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். விலைப் பட்டியலில் முதலிடத்திலிருந்து சற்றே கீழிறங்கினாலும் விற்பனை கடுமையாகச் சரிந்தது. அதனால் கடைகள் விலையைக் குறைக்கவில்லை. விலையை ஒளிக்கக் கற்றுக்கொண்டன. ரேமின் விலை 1 டாலர் என்று போட்டுவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் அனுப்பும் செலவு 40 டாலர் என்று கேட்ட கடைகள் உண்டு. தளம் அதற்கு வரம்பு விதித்ததும், பட்டியலில் மட்டமான ரேமைக் காட்டி ஆளை உள்ளே இழுத்து, "இதைவிட நல்லது இருக்கிறதே" என்று விலை கூடியதை விற்றார்கள். ஒப்பீடு கூர்மையாக ஆக, மறைப்பும் கூர்மையாகிறது என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன சேதி. பல ஆண்டு தாண்டியும் திருமுல்லைவாயில் அட்டவணைக்கு அது பொருந்துகிறது.

நம் நாட்டு விலையின் அடித்தளத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக உடன்பாட்டில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. அதன்படி ப்ராசஸர், ரேம், ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்குச் சுங்க வரி படிப்படியாக நீக்கப்பட்டது. ஆகவே அவற்றின் அடக்க விலையை நிர்ணயிப்பது டாலர். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது, ரிச்சி தெருவின் ரேட் லிஸ்ட்டும் கொல்கத்தாவின் இணையப் பக்கமும் சேர்ந்தே நகர்ந்தன. இறக்குமதி செய்து மொத்தமாக விற்பவர்களும் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டன், மும்பையின் ராஷி பெரிஃபெரல்ஸ், இன்னும் சிலர். சரக்கு ஊற்றெடுக்கும் இடம் ஒன்றாக இருக்கும்போது, கடைக்குக் கடை விலை எவ்வளவுதான் மாற முடியும்?

(பூந்தமல்லியைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், அங்கே 2007 முதல் டெல் நிறுவனம் கணினி தயாரிக்கிறது. அதனால் நம் பக்கம் மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே உருவாவது முழுக் கணினி. உதிரியாக நாம் வாங்கும் சிப்பும் ரேமும் கப்பல், விமானம் ஏறி வருபவை. ஆலைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்ற சலுகை எதிலும் கிடையாது.)

வரியிலும் வித்தியாசம் இல்லை. ஜிஎஸ்டிக்கு முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேறு, எல்லை தாண்டினால் மத்திய விற்பனை வரி வேறு. 2017 ஜூலை 1-க்குப் பிறகு, ரிச்சி தெருவில் வாங்கினால் மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9. கொல்கத்தாவிலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி 18. மானிட்டரில் மட்டும் அளவைப் பொறுத்துக் குழப்பம் இருந்தது: 32 அங்குலம் வரை 2019 ஜனவரியில் 28-லிருந்து 18-க்கு இறங்கியது; அதற்கு மேற்பட்டவை 2025 செப்டம்பர் 22-இல்தான் இறங்கின. வெளிமாநிலத்தில் வாங்கினால் வரி மிச்சம் என்ற பழைய பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அதை மறந்துவிடலாம்.

ஆனால் வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து வரி மாறும். என் தெருவில் ஒருவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஜிஎஸ்டி பதிவு உண்டு, வரைபட வேலைக்குக் கணினி தேவை. 11,800 ரூபாய் மானிட்டர் அவருக்கு 10,000 ரூபாய்தான். மீதி 1,800-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். அவருக்கு முக்கியம், பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் ஏறுகிறதா என்பது. 11,400-க்குத் தருகிறேன், எண் போட்ட பில் தர மாட்டேன் என்னும் கடை அவருக்கு நஷ்டக் கடை. என் அக்கா மகனுக்கு அதே 11,400 லாபக் கடை. ஒரே கட்டம், இரண்டு பேருக்கு இரண்டு நிறம்.

சரி, அடக்கமும் வரியும் ஒன்றென்றால் அந்த 5,150 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பச்சைக் கட்டமாகத் திறந்து பார்த்தோம். மதர்போர்டு, பவர் சப்ளை, யுபிஎஸ் மூன்றிலும் ரிச்சி தெருக் காகிதமே குறைவு. மீதி ஆறில் இணையம் குறைவு.

பெரியது கிராபிக்ஸ் கார்டு: 1,700 ரூபாய் வித்தியாசம். உற்றுப் பார்த்தால் பெயர் ஒன்று, பொருள் வேறு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. நினைவகம் மட்டுமல்ல, உள்ளே சிப்பின் திறனும் குறைவு. கொட்டேஷனில் இருந்தது முன்னது, பச்சைக் கட்டத்தில் இருந்தது பின்னது. இது புதிய வித்தை அல்ல. 2018-இல் ஜிடி 1030 என்ற கார்டு அதே பெயரில் மெதுவான டிடிஆர்4 நினைவகத்தோடு வந்து பலரை ஏமாற்றியது. இன்டெல் ப்ராசஸரில் கடைசி எழுத்து 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கிவந்து, திரை வராமல் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். ரேமில் 3200 என்ற வேகம் ஒன்றாக இருக்கும், தாமத எண் 16-ஆ 22-ஆ என்பது சின்ன எழுத்தில் இருக்கும். 16 ஜிபி ஒரே குச்சியா, எட்டு எட்டாக இரண்டா என்பது படத்தைப் பெரிதாக்கினால்தான் தெரியும். ஒப்பீடு செய்ய வேண்டியது பெயரை அல்ல, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரை. இரண்டு பக்கத்திலும் அந்த நீண்ட எண் ஒரு எழுத்து பிசகாமல் பொருந்தினால்தான் அவை ஒரே பொருள்.

அடுத்து மானிட்டர்: 1,500. அது ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுக்கு, அதுவும் தவணையில் வாங்கினால் மட்டும் கிடைக்கும் தள்ளுபடி. எங்கள் வீட்டில் யாரிடமும் அந்தக் கார்டு இல்லை. இருந்தாலும் 'வட்டியில்லாத் தவணை' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பூஜ்ய வட்டித் திட்டங்கள் வட்டியை மறைப்பவை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளைத் தடுத்தது. இப்போது நடப்பது, வட்டித் தொகையை முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, வங்கி வழக்கம்போல் வட்டி வாங்குவது. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பல வங்கிகள் ப்ராசசிங் கட்டணமும் வாங்குகின்றன. ரிச்சி தெருவில் "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா சார்" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். யுபிஐயில் கட்டினால் அதுவும் இல்லை.

கேபினெட்டில் 700 குறைவு. பின்கோடு 600062 என்று போட்டதும் அனுப்பும் செலவு 640 என்று வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த எட்டுக் கிலோப் பெட்டியைக் கொல்கத்தாவிலிருந்து கொண்டுவர அவ்வளவு ஆவது நியாயம்தான். அதைப் பொருள் பக்கத்திலேயே சொல்லாததுதான் அநியாயம். இப்படிக் கடைசிப் பக்கத்தில் விலை ஏற்றுவதை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், தடை செய்யப்பட்ட பதிமூன்று ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. அறியாமல் கூடையில் பொருள் சேர்ப்பது, ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருவது இரண்டும் அதே பட்டியலில் உண்டு.

ரேமில் 520 குறைவு என்று காட்டிய கடையில் சரக்கே இல்லை. பழைய விலையோடு பக்கம் மட்டும் நின்றிருந்தது. ரேம் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2025-இன் பிற்பாதியில் அதன் விலை தலைதெறிக்க ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகத்தை மொத்தமாக அள்ளிக்கொள்ள, தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம், கடைகளில் நாம் வாங்கிவந்த 'குரூஷியல்' வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியபோது அந்தப் பக்கம் சைக்கிளும் இயந்திர உதிரியும் செய்தார்கள். இன்று அதே பேட்டையில் டேட்டா சென்டர் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. நம் பையனின் ரேம் விலையை ஏற்றியவர்களில் பக்கத்துத் தெருக்காரரும் ஒருவர்.

இப்படி விலை ஏறும் காலத்தில் ஒப்பீடு தலைகீழாகிவிடும். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோதும், 2021-இல் மெய்நிகர் நாணயம் தோண்டுபவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை வாரிக்கொண்டு போனபோதும் இதே கதைதான். அப்போது மலிவாகத் தெரியும் பக்கம் பெரும்பாலும் விலையைத் திருத்த மறந்த பக்கம். ஆர்டரை ஏற்று, மூன்று நாள் கழித்து 'சரக்கு இல்லை' என்று ரத்து செய்யும். அந்த மூன்று நாளில் மற்றக் கடைகளிலும் விலை ஏறியிருக்கும். தேடிக்கொண்டே இருந்தால் விலை இறங்கும் என்ற நம்பிக்கை, எத்திரியம் நாணயம் 2022 செப்டம்பரில் தோண்டும் முறையைக் கைவிட்ட பிறகு கிராபிக்ஸ் கார்டுக்குப் பலித்தது. ரேமுக்கு எப்போது பலிக்கும் என்று காத்திருந்தால் பையன் படிப்பை முடித்துவிடுவான்.

மீந்தவை இரண்டு: ப்ராசஸரில் 410, எஸ்எஸ்டியில் 320. இரண்டுக்கும் அனுப்பும் செலவு இல்லை, பார்ட் நம்பர் பொருந்தியது, சீல் வைத்த பெட்டி, தயாரிப்பாளரே தரும் வாரண்டி. இந்த 730 ரூபாய் மட்டும் உண்மை.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. ப்ராசஸர், எஸ்எஸ்டி போன்றவற்றில் வியாபாரிக்கு லாபம் மெலிது, ஒளித்துவைக்க இடமில்லை. அதனால் அவற்றில் தெரியும் சின்ன வித்தியாசம் நேர்மையானது. பெரிய வித்தியாசத்துக்குள் எப்போதும் வேறேதோ உட்கார்ந்திருக்கிறது: வேறு மாடல், வேறு கார்டு, லாரி வாடகை, இல்லாத சரக்கு. நாமோ பெரிய பச்சையைப் பார்த்ததும் துள்ளுகிறோம், சின்னப் பச்சையை "நானூறு ரூபாய்தானே" என்று விடுகிறோம். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

பெரிய சந்தைத் தளங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையான அந்நிய முதலீட்டு விதிப்படி, வெளிநாட்டு முதலீடுள்ள தளம் தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது. அது சந்தை, விற்பவர் வேறொருவர். ஆகவே 'அமேசானில் விலை இவ்வளவு' என்பது பாதி வாக்கியம். அதே பக்கத்தில் நான்கு விற்பனையாளர்கள் இருப்பார்கள். காலையில் ஒருவர் மேலே, மாலையில் வேறொருவர். வாரண்டிக்கு நீங்கள் நீட்டப்போகும் பில்லில் இருப்பது அந்த விற்பனையாளரின் பெயர்தான். விலையைப் பார்க்கும் கண், விற்பவர் பெயரையும் பார்க்க வேண்டும். எம்ஆர்பியை மட்டும் பார்க்கவே வேண்டாம். அட்டைப்பெட்டியில் அச்சான அந்த எண் பல பாகங்களுக்கு விற்பனை விலையைவிட மிக அதிகம். '58 சதவீதத் தள்ளுபடி' அதிலிருந்து கணக்கிடுவது. உண்மையான தள்ளுபடியா என்று தெரிய, கீப்பா போன்ற விலை வரலாற்று வரைபடங்களில் மூன்று மாதக் கோட்டைப் பார்த்தால் போதும்.

இனி விலையில் அடங்காத விலை. நான்கு வருடத்துக்கு முன் எனக்கே நடந்தது. வெளியூர்க் கடை ஒன்றில் 900 ரூபாய் குறைவு என்று மதர்போர்டு வரவழைத்தேன். பெட்டியைத் திறந்து ப்ராசஸர் வைக்கும் இடத்தைப் பார்த்தால் இரண்டு ஊசிகள் மடங்கியிருந்தன. போன் செய்தால், "அன்பாக்சிங் வீடியோ இருக்கா சார்?" என்றார்கள். எடுக்கவில்லை. என் செலவில் கூரியரில் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து, 'வாடிக்கையாளர் சேதம்' என்ற குறிப்போடு அதே பலகை திரும்பி வந்தது. கூரியருக்கு 460 ரூபாய், ஐந்து வாரம், பிறகு புதுப் பலகை. அந்த 900 ரூபாய் மிச்சத்தை இன்றும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சட்டம் நம் பக்கம்தான். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளை விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் கொல்கத்தாவுக்குப் போக வேண்டாம், திருவள்ளூர் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் ஊசி மடங்கியது அங்கேயா இங்கேயா என்பதைச் சட்டம் சொல்லாது, சாட்சிதான் சொல்ல வேண்டும். ரிச்சி தெருவில் மதர்போர்டு வாங்கினால், கடைக்காரர் மேசை விளக்குக்கு அடியில் மூடியைத் திறந்து, "பின்னு பாத்துக்குங்க சார், அப்புறம் சொல்லக் கூடாது" என்பார். அவரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறார். நம்மையும் அது காப்பாற்றுகிறது.

ஐந்து கடைகளில் வாங்கினால் வரும் சங்கடம் இதைவிட நுட்பமானது. கணினியை இணைத்துச் சுவிட்சைத் தட்டுகிறோம், திரை வரவில்லை. பழுது ரேமிலா, பலகையிலா, பவர் சப்ளையிலா? ரேம் விற்றவர் பலகையைக் காட்டுவார், பலகை விற்றவர் பவர் சப்ளையைக் காட்டுவார். மாற்றிப் போட்டுப் பார்க்க வீட்டில் இன்னொரு ரேம் இல்லை. ஒரே கடையில் வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் மேசையில் வைத்துவிடலாம். இந்த வசதிக்குத் தொகை போட முடிந்தால் அட்டவணையில் எட்டாவது பத்தி ஒன்று வரும்.

கடைசியில் இப்படி முடிந்தது. ப்ராசஸரும் எஸ்எஸ்டியும் இணையத்தில். இரண்டு பெட்டிகளையும் திறக்கும்போது அக்கா பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தாள். மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே கடையில். பையன் போனை நீட்டி இணைய விலையைக் காட்டினான். கடைக்காரர் பார்க்காமலேயே, "அந்த ரேட்டுக்கு அவனே தர மாட்டான் தம்பி" என்று சிரித்துவிட்டு, மானிட்டரில் 500 குறைத்தார். விற்கிறவர்கள் நடுவே அட்டவணைக்கு அவ்வளவு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. வாங்காவிட்டாலும் கையில் இருக்க வேண்டும். யுபிஎஸ் மட்டும் அம்பத்தூர் ஓ.டி. பகுதியில் தெரிந்த கடையில்: இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி சாகும், அதை மாற்ற யாரும் கூரியரில் அனுப்ப மாட்டார்கள். கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆவடி லோக்கலில் திரும்பி வந்தோம். நாங்கள் மிச்சம் பிடித்தது 1,230 ரூபாய். ஒரு சனிக்கிழமை முழுசாகப் போனது.

நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும். கடையில் தரும் பில் பல சமயம் வெப்பத்தாளில் அச்சானது. மேசை இழுப்பறையில் கிடந்தால் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். ப்ராசஸரின் வாரண்டி மூன்று வருடம். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து, சீரியல் நம்பரோடு உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.